உங்கள் குழுவில் எத்தனை பேர் அந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களுடையது கைத்தறி நெசவு ஊர். முன்பு தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும், இப்போது பாதி வீடுகளில் தறிக்குழியை மூடித் தரை போட்டுவிட்டார்கள். பையன்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் நீங்கள் இருபது பேர் பணம் திரட்டி, ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, ஊரை மீட்க ஐந்தாண்டுத் திட்டம் போடலாம் என்று இருக்கிறீர்கள். எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், ஊர் மக்களை எப்படி ‘ஈடுபடுத்துவது’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இருபது பேரில் இன்று ஊரில் குடியிருப்பவர் எத்தனை பேர்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது. இதே கேள்வியை 1985இல் அமெரிக்காவில் ஒரு பெண் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன். அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று தோன்றலாம், கொஞ்சம் பொறுங்கள்.

பாஸ்டன் நகரத்தில் ராக்ஸ்பரி என்று ஒரு பகுதி, அதில் டட்லி தெரு. நகரத்தின் மையத்திலிருந்து 2 மைல்கூட இருக்காது, ஆனால் 1980களில் அங்கே போனால் வேறு நாடு மாதிரி இருக்கும். வசதியுள்ளவர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், வங்கிகள் அந்தப் பகுதிக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தின, வீடுகள் எரிந்தன, அதில் காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்தியதும் உண்டு. கடைசியில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. அந்த மனைகளில் நகரம் முழுக்க இருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து குப்பை கொட்டினார்கள், இறைச்சிக் கழிவு, பழைய கார், இடித்த கட்டடத்தின் சிதிலம் எல்லாம். குடியிருந்தவர்கள் கறுப்பர்கள், கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்தவர்கள், ஸ்பானிய மொழி பேசுபவர்கள், மிச்சமிருந்த கொஞ்சம் வெள்ளையர்கள்.

1984இல் ரைலி என்ற அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள், அங்கிருந்த ஒரு சிறிய சேவை நிறுவனம் கட்டடப் பழுதுபார்க்கக் கேட்ட உதவி தொடர்பாக நேரில் வந்தார்கள். தெருவின் நிலையைப் பார்த்துத் திகைத்துப்போய், கட்டடம் இருக்கட்டும், இந்தப் பகுதி முழுவதற்கும் ஏதாவது செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். சேவை நிறுவனங்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசி, ஒரு அமைப்புக்கு வடிவம் கொடுத்து, நிர்வாகக் குழுவில் 23 இடம் என்று வரைந்தார்கள். அதில் குடியிருப்பவர்களுக்கு 4 இடம். 1985 தொடக்கத்தில் ஒரு தேவாலயத்தில் கூட்டம் போட்டு இதை மக்கள் முன் வைத்தபோதுதான் அந்தப் பெண் எழுந்தார். மேடையில் இருப்பவர்களில் இந்தப் பகுதியில் குடியிருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. அறக்கட்டளைக்காரர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. சரி, நீங்களே மாற்றி எழுதுங்கள் என்று விட்டுக்கொடுத்தார்கள். குழுவில் பெரும்பான்மை குடியிருப்பவர்களுக்கு, நான்கு இனத்தாருக்கும் தலைக்கணக்கு பாராமல் சம இடம் என்று முடிவானது. எண்ணிக்கையில் அதிகம் இருந்த கறுப்பர்கள் இதற்கு ஒத்துக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் நாலு தெரு இருந்தால் நாலு தெருவுக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆள் என்று சொல்லிப் பாருங்கள், பெரிய தெருக்காரர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த அமைப்பு எடுத்த எடுப்பில் திட்டம் எழுத உட்காரவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள், முதலில் எது தீர வேண்டும் என்று. வேலை, வீடு என்று பெரிய பெரிய பதிலாக வரும் என்று படித்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வந்த பதில் குப்பை. 1986இல் ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்று இயக்கம் நடத்தினார்கள், மனைகளைத் தாங்களே சுத்தம் செய்தார்கள், மேயரை வரவழைத்தார்கள், சட்டவிரோதமாக நடந்த, குப்பையை இறக்கி வேறு லாரியில் மாற்றி ஏற்றும் நிலையங்களைப் பூட்ட வைத்தார்கள். அதற்கப்புறம்தான், கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, முழுத் திட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். ஆலோசகர்களையும் மக்களே நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்தார்கள். திட்டம் 1987இல் முடிந்தது.

திட்டம் போட்டாயிற்று, ஆனால் நிலம்? காலி மனைகள் பாதி நகராட்சியுடையது, மீதி யார் யாரோ தனியாருடையது, வரி கட்டாமல் காணாமல் போனவர்கள். நடுவில் நடுவில் இப்படிச் சிதறிக் கிடந்தால் ஒரு தெருவாக வீடு கட்ட முடியாது. அதனால் அவர்கள் நகர மறுவளர்ச்சி ஆணையத்திடம் போய், ஒரு எல்லைக்குள் கிடக்கும் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டு, 1988இல் வாங்கியும் விட்டார்கள். அமெரிக்காவில் மக்கள் அமைப்பு ஒன்றுக்கு அந்த அதிகாரம் கிடைத்தது அதுவே முதல் தடவை. நில ஆர்ஜிதம் என்றாலே தாசில்தாரும் போலீசும் வந்து நம் நிலத்தை எடுப்பது என்றுதான் நமக்குப் பழக்கம், அங்கே குடியிருப்பவர்களே அந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தார்கள், அதுவும் காலி மனையின் மேல் மட்டும். பிறகு ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. எடுத்த நிலத்தை ஒரு சமூக நில அறக்கட்டளையின் பெயரில் வைத்து, வீட்டை மட்டும் மக்களுக்கு விற்று, நிலத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வீட்டை மறுபடி விற்கலாம், ஆனால் விலைக்கு ஒரு வரம்பு உண்டு. தெரு நன்றாகி விலை ஏறும்போது அதை நன்றாக்கியவர்களே வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற வேண்டியிருக்கிறதே, அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 200க்கும் மேற்பட்ட வீடுகள் இன்று அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. வறுமை ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் அந்த மக்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம், ஊரை மீட்பது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் திட்டத்தைப் பற்றியே பேசுவார்கள், யார் கையில் முடிவு, யார் பெயரில் நிலம், யார் கையெழுத்தில் பணம் என்பதைப் பேச மாட்டார்கள். திட்டம் எழுதுவது சுலபம், நானே நிறைய எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

பல வருடம் முன்பு, உங்கள் ஊர் மாதிரியே ஒரு நெசவு ஊரில், நாங்கள் நாலு பேர் போய் ‘தேவை மதிப்பீடு’ செய்தோம். வீடு வீடாகப் படிவம். பகலில் போனோம், வீட்டில் யார் பெரியவர் என்று கேட்டு அவரிடம் நிரப்பினோம். சாலை மோசம், சாக்கடை இல்லை என்று முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். சிமெண்ட் சாலை, இரண்டு பக்கமும் வடிகால், அகலப்படுத்த இடைஞ்சலாக இருந்த புங்கை மரங்களை எடுத்துவிட்டு மின்கம்பம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தோம், பணமும் வந்தது, வேலையும் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். ஒரு அம்மா டீ கொடுத்துவிட்டுச் சொன்னார், “ரோடு நல்லாத்தான் தம்பி இருக்கு, பாவு விரிக்கத்தான் எடமில்ல.”

விடிவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்குப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாக்கு நூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்கு நீளமான, வண்டி வராத, வெயில் நேராக விழாத தெரு வேண்டும். நாங்கள் மரத்தை வெட்டினோம், சாலை நன்றாக ஆனதால் வண்டிகள் வர ஆரம்பித்தன, வீட்டுக்கு வீடு பைக் நின்றது. வெளியாட்களிடம் காசு கொடுத்துக் கஞ்சி போட்டு வாங்க வேண்டியதாகி, ஏற்கெனவே ஒன்றுமில்லாத கூலியில் இன்னும் கொஞ்சம் போயிற்று. சாலை கேட்டது பொய் இல்லை. ஆனால் பாவு ஆற்றும் வேலையைச் செய்த பெண்களை ஒரு படிவத்தில்கூட நாங்கள் கேட்கவில்லை, ஆறேழு பேர் ஒன்றாக உட்கார்ந்து தெருவின் படத்தை வரைந்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் அது வெளியே வந்திருக்கும்.

படம் வரைவது என்று நான் சொல்வது நிஜமாகவே தரையில் வரைவது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் நன்றாகப் பழகிய முறை இது, பங்கேற்பு மதிப்பீடு என்பார்கள். கோலமாவும் கலர்ப்பொடியும் கொடுத்தால் பெண்கள் ஊரையே தரையில் போட்டுவிடுவார்கள். எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் நின்றுவிட்டது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று புளியங்கொட்டையும் கல்லும் வைத்துக் காட்டுவார்கள். ஒருவர் வைப்பதை இன்னொருவர் மறுப்பார், அந்தச் சண்டையில்தான் தகவல் இருக்கிறது. படிவத்தில் சண்டை வராது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு நடந்த புது வாழ்வுத் திட்டத்தில், ஊரில் யார் மிகவும் ஏழை என்பதையே ‘மக்கள் நிலை ஆய்வு’ என்று ஊர்க்காரர்கள் கூடி முடிவுசெய்து கிராம சபையில் வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வட்டாரத்திலேயே யாராவது இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். பளபளப்பான ஆலோசனை நிறுவனத்தைவிட அவர் உங்களுக்கு உதவுவார்.

வரைந்த பிறகு இன்னொரு கணக்கும் எடுங்கள், ஊருக்குள் வரும் பணம் எந்த வழியில் வெளியே போகிறது என்று. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ இந்த மாதிரி யோசித்தவர். வேதிப் பொறியாளர், ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய்க் குடியிருந்தவர் (திரும்பிப் போய்க் குடியிருந்தவர் என்பதைக் கவனியுங்கள்). ஊர் சாப்பிடுவது, உடுத்துவது எல்லாம் எவ்வளவுக்கு வெளியிலிருந்து வாங்கப்படுகிறது, அதில் எதையெல்லாம் இங்கேயே செய்யலாம் என்று கணக்குப் போட்டார். உங்கள் ஊரில் அந்தக் கணக்கில் முதலில் வந்து நிற்பது நூலும் சாயமும் இருக்கலாம், அல்லது நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணமாக இருக்கலாம், அல்லது வாராவாரம் கட்டும் நுண்கடன் தவணையாக இருக்கலாம். தவணைதான் பெரிய ஓட்டை என்று தெரிந்தால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் ‘ஆன்லைன் விற்பனைத் தளம்’ முதல் வேலையாக இருக்காது. விற்றாலும் பணம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.

இளங்கோ காலத்துச் சமத்துவபுரத்தில் ஒரு தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் வாழும்படி இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஊர் மக்கள்’ என்று நீங்கள் எழுதும்போது யாரைச் சொல்கிறீர்கள் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நெசவு ஊரில் நெசவாளர் மட்டுமா இருக்கிறார்கள்? காலனியில் இருப்பவர்கள், கூலிக்கு நெய்பவர்கள், வாடகைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தாலும் வாசலில் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் போடுங்கள், அல்லது ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகப் போட்டுவிட்டுக் கடைசியில் சேர்த்துப் போடுங்கள். நேரமும் முக்கியம். தறியை நிறுத்தினால் கூலி போகும், அதனால் பகல் கூட்டத்துக்கு வருபவர்கள் எல்லாம் தறி இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள். பல நெசவு ஊர்களில் அமாவாசைக்குத் தறி நிறுத்துவார்கள், உங்கள் ஊரிலும் அப்படியென்றால் மாதம் ஒரு நாள் கையில் தயாராக இருக்கிறது.

அடுத்து, அரசாங்கம். ஊர் கூடித் திட்டம் போடுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கிராம ஊராட்சி என்றால் வருடத்துக்கு 6 கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்’ என்று ஒன்றை வருடாவருடம் தயாரித்துக் கிராம சபையில் ஒப்புதல் வாங்கி இணையத்தில் ஏற்ற வேண்டும், 2015லிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. போய்க் கேளுங்கள், உங்கள் ஊருக்கும் ஒன்று ஏற்றியிருப்பார்கள், பல இடங்களில் போன வருடத்துத் திட்டத்தில் தேதியை மாற்றியது மாதிரி இருக்கும். அதிலும் கை கட்டப்பட்டிருந்தது: 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராமப்புற உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று கட்டுப்பாடு, மீதி 40 சதவீதம்தான் ஊரின் விருப்பத்துக்கு. ஆனாலும் அந்த 40ஐக் கேட்க ஆள் இருந்ததா? உங்கள் ஊர் பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது. 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபா என்று உண்டு. அதிகாரம் கிராம சபை அளவுக்குக் கிடையாது, ஆனாலும் அதை விட்டுவிட்டுத் தனிக்கடை போடாதீர்கள்.

கேரளத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், நானும் காட்டுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்கு. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று முதலில் அறிவித்துவிட்டு, அதற்கப்புறம் திட்டம் போடச் சொன்னார்கள். நம் பக்கம் முதலில் திட்டம் கேட்பார்கள், பணம் பிறகு பார்க்கலாம் என்பார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் போடும் திட்டம் ஆசைப் பட்டியலாகத்தான் வரும். நீங்கள் இருபது பேரும் தரப்போகும் தொகையை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிறிய தொகையாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். தொகை தெரிந்தால் பேச்சு உடனே மாறும், இதற்கா அதற்கா என்று.

கேரளத்தில் இன்னொன்றும் செய்தார்கள். மக்கள் போட்ட திட்டங்களில் பல தொழில்நுட்ப ரீதியாக ஓட்டையாக இருந்தன, மதிப்பீடு தப்பு, அளவு தப்பு. அதிகாரிகளிடம் அனுப்பினால் கிடப்பில் கிடக்கும். அதனால் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், விவசாய அலுவலர்களைத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவாகச் சேர்த்து, திட்டத்தைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது, திருத்தும் வேலை மட்டும். உங்கள் இருபது பேருக்கு இந்த இடம்தான் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். உங்களில் ஒரு ஆடிட்டர், இரண்டு சாஃப்ட்வேர்காரர்கள், ஒரு வங்கி ஆள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க ஆடிட்டரைவிட யார் வேண்டும்? எந்தக் கடன் எந்த வட்டியில் ஓடுகிறது, அதைக் குறைந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்று வங்கிக்காரர் பார்க்கட்டும். தகவலைக் கொண்டுவந்து கொடுங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், ஓட்டுப் போடாதீர்கள். குழுவில் இடம் வேண்டும் என்றால் 15 பேரில் 3 பேர் நீங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும், அவர்களிடம் விட்டால் கோயில் திருப்பணி கேட்பார்கள் என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும், எப்போதும் ஒருவர் சொல்வார். கேட்கலாம்தான். கேட்டால் ஏன் என்று உட்கார்ந்து பேசுங்கள். சில சமயம் அந்தக் கோயில் திண்ணைதான் ஊரே கூடும் ஒரே நிழலாக இருக்கும், சில சமயம் அது ஒரு தெருக்காரரின் பெருமைக்கு மட்டுமாக இருக்கும். பேசாமல் எப்படித் தெரியும்?

செலவு பற்றிக் கேட்டீர்கள். முதல் வருடம் ஆலோசனை நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். ஊரிலேயே இருக்கும் இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் கட்டாயம் பெண், முழுநேரச் சம்பளம் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போவது, கூட்டம் கூட்டுவது, எழுதுவது இதுதான் அவர்கள் வேலை. கூட்டத்துக்கு டீயும் வடையும், சார்ட் தாள், கோலமாவு, தாலுகா அலுவலகத்துக்கும் கைத்தறித் துறைக்கும் போய்வரப் பஸ் செலவு. அப்புறம் ஒரு சின்ன வேலைக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள், ஆறு மாதத்துக்குள் கண்ணால் பார்க்கும்படி முடியக்கூடிய ஒன்று, ஊரே கை காட்டியது, டட்லி தெருவின் குப்பை மாதிரி. உங்கள் ஊரில் அது என்ன என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போய் வாருங்கள், கையில் படிவம் இல்லாமல்.